மீன்கலத்தில் இரண்டு மின்கலம்

டிசம்பர் 24, 2025, புதன்

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. வேதியியல் தாளில் நான் எழுதியிருப்பதைப் படிக்கப்போகும் டீச்சருக்குத்தான் இனிமேல் சோதனை.

வீட்டுக்கு வந்தால் நடுக்கூடத்தில் ஒரு நீளப் பெட்டி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஆனந்த்ராஜ் அத்தான் விடுமுறைக்கு வந்திருக்கிறார். அங்கே பழசாகக் கிடைத்த ஒரு படகு மோட்டாரை அப்பாவுக்காகக் கொண்டுவந்திருக்கிறார். மேலே கைப்பிடி, நடுவில் குழாய், அடியில் விசிறி. பெட்ரோல் வேண்டாம், பேட்டரியில் ஓடும். சத்தமே வராதாம். எங்கள் வீட்டுக்குள் வந்த சத்தம் போடாத முதல் உருப்படி.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி இது?" என்றாள்.

"கிரைண்டர்ம்மா. சிங்கப்பூர் மாடல். நின்னுக்கிட்டே ஆட்டலாம்."

அம்மா விசிறியைத் தடவிப் பார்த்து, "உளுந்த எங்கிட்டுப் போடுறது?" என்று கேட்டாள். அத்தான் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார். கரண்டி பறந்தது. குனிந்துவிட்டேன். பழக்கம்.

சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. இந்த மோட்டார் ஓடியே ஆக வேண்டும். ஆவாரங்குளத்து மீன் சங்கத்தில் ஏழு பேர். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் முறை. அப்பாவுக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையானால் தாடிக்கொம்பிலிருந்தும் அகரத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கூடையோடு கரைக்கே வந்துவிடுவார்கள். ஆனால் முறைக்காரர்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். மகள் போகக்கூடாது, கூலி ஆள் போகக்கூடாது. அது சங்கத்துக் கட்டுப்பாடு. நவம்பரில் அப்பாவுக்கு வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. ஒரு வருஷத்துக்குத் துடுப்பைத் தொடாதே என்றுவிட்டார் டாக்டர். இப்போதைக்கு ஞாயிறைச் சும்மா விட்டுச் சங்கம் தவணை கொடுத்திருக்கிறது: தை மாதம் முதல் ஞாயிறன்று அப்பா தனியாகப் போய் அக்கரைவரை வலை விரித்துத் திரும்பிவிட்டால் முறை அவருடையது. இல்லையென்றால் பழனிக்குமார் மாமாவுக்குப் போய்விடும். மாமாவுக்கு இப்போது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யார் மீன் வாங்குகிறார்கள்? அவர் கஷ்டம் அவருக்கு. இருந்தாலும் ஞாயிறு எங்களுடையது.

ஜனவரி 18. இருபத்தைந்து நாள் இருக்கிறது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். பேட்டரிக் கடை பிரிட்டோ அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்தது. கடை திறக்கத் திங்கட்கிழமை ஆகுமாம். மோட்டார் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது. நான் மேலே தூங்கவில்லை.

டிசம்பர் 27, சனி

திங்கள்வரை பொறுக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். மாலையில் குளம் சும்மாதான் கிடக்கும். அப்பாவும் நானும் படகில் ஏறினோம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. கைப்பிடியைத் திருகினேன்.

போனது! சத்தமில்லாமல், யாரோ அடியில் நீந்திக்கொண்டே தள்ளுகிற மாதிரி. அப்பா இடது கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தார். நவம்பருக்குப் பிறகு அவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை. கொக்குகள்கூடப் பறக்கவில்லை. அதுகளுக்கு நாங்கள் வந்ததே தெரியவில்லை.

இருபது நிமிஷம். குளத்துக்கு நட்டநடுவில் மோட்டார் கொட்டாவி விட்டது. அப்புறம் தூங்கிவிட்டது.

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தது நான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கரையில் பழனிக்குமார் மாமா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சுருளி, மோட்டாருக்கு ரெண்டு கையி மொளச்சிருக்கு?"

அப்பாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "ஆமா மாமா. செவ்வாக்கெழம வாடகைக்கு வேணுமா?"

அப்பா முறைத்தார். உதட்டோரம் மட்டும் முறைக்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

நாகல்நகர் போனேன். பிரிட்டோ அண்ணன் கடை.

"அண்ணே, தண்ணியில போடுறதுக்கு ஒரு பேட்டரி வேணும்."

"தண்ணியில போட்டாச் செத்துரும்."

"தண்ணிக்கு மேலண்ணே. போட்டுல."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன. அறிவு இருக்கா ஒனக்கு?"

"ஒங்க எதுக்க நிக்கிறதே அறிவுதாண்ணே."

பதினாறு வருஷமாக அறிவுச்செல்வி என்ற பேரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. அவரும் பதினாறு வருஷமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

டிராக்டர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, டிராக்டர் பேட்டரி ஓட்டப் பந்தயக்காரன். ஒரே மூச்சுல இஞ்சினக் கெளப்பி விட்டுட்டு ஒக்காந்துருவான். ஒனக்கு வேணும்கிறது பழனிக்குப் பாதயாத்திர போறவன். மெதுவா, விடாம, நாள் பூரா."

உள்ளேயிருந்து இரண்டு பேட்டரியை இழுத்துவந்தார். ஈ-ஆட்டோவில் ஓடியவை. இரண்டும் ஒரே நாள் வாங்கி ஒரே வண்டியில் ஓடிய இரட்டைப் பிள்ளைகள். புதுசையும் பழசையும் சேர்த்துப் போட்டால் புதுசையும் பழசு கெடுத்துவிடுமாம். வகுப்பில் என்னைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள்.

"எம்புட்டு ஆம்பியர்ண்ணே?"

"நூறும் நூறும்."

"அம்புட்டு ஆம்பியரா!"

"ரெண்டையும் எப்படிச் சேப்ப? சொல்லு பாப்போம்."

மோட்டார் பன்னிரண்டு வோல்ட். ஒன்றன் வாலில் ஒன்றைக் கட்டினால் இருபத்துநாலாகி மோட்டார் புகைந்துபோகும். பக்கம் பக்கமாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் அதே பன்னிரண்டு. ஓடும் நேரம்தான் இரண்டு பங்கு. பத்தாம் வகுப்பில் இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு மதிப்பெண் போனது. இன்றைக்கு வட்டியோடு சொன்னேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை மறுபடி பார்த்தார்.

கட்டைவிரல் கனத்துக்கு ஒயர், பியூஸ், மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று. கிளம்பும்போது அவர் கல்லாவில் 'உள்ளே நாய் இருக்கிறது' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன். இந்நேரம் பார்த்திருப்பார்.

ஜனவரி 1, 2026

புத்தாண்டு. பொய் எழுதாமல் தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

அப்பா பாசியில் வழுக்கி விழுந்தார் என்றுதான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் அப்படித்தான். பாசியெல்லாம் கிடையாது. பாம்பு. ரப்பர் பாம்பு. மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவில் நான் வாங்கியது. மீன் கூடைக்குள் சுருட்டி வைத்தேன். அப்பா கூடையைத் திறப்பார், 'ஏய்' என்பார், சிரிப்போம் — அவ்வளவுதானே? அவ்வளவுதான் நினைச்சேன். அவரு பின்னாடி சாஞ்சதும் படகு ஆடி, துடுப்புமேல தோள் பட்டு — அந்தச் சத்தம்.

கரையில் ஆட்கள் ஓடிவந்தபோது அப்பா வலியோடு வலியாகச் சொன்னது: "பாசி வழுக்கிருச்சு." என்னைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பாம்பையும் காணோம். குளத்தில் எறிந்திருப்பார்.

திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏன் திட்டல?

இந்த மோட்டார் எதற்கு என்று இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

படகில் பேட்டரிகளை வைத்தோம். ஒவ்வொன்றும் நல்லா வளர்ந்த ஓர் ஆட்டின் கனம். மோட்டார் பின்னால் இருப்பதால் பேட்டரியையும் பின்னாலேயே வைத்தேன். பின்னால் மோட்டார், பின்னால் இரண்டு பேட்டரி, பின்னால் அப்பா. படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. சல்யூட் அடிக்கிற மாதிரி.

"ஏத்தா," என்றார் அப்பா, "மீன் புடிக்கப் போறமா, ராக்கெட் விடப் போறமா?"

பேட்டரிகளை முன்னால் நகர்த்தினேன். இப்போது சமமாக நின்றது. ஆனால் ஒயர் நீளம் பத்தவில்லை. மறுபடி நாகல்நகர் போனேன். கல்லாவில் அந்தச் சீட்டு இன்னும் இருந்தது. 'நாய்' என்பதை அடித்துவிட்டு 'அறிவு' என்று எழுதி வைத்திருந்தார். 'உள்ளே அறிவு இருக்கிறது.' பழிவாங்குவதாக நினைத்துப் பாராட்டிவிட்டார்.

படகின் பக்கவாட்டில் பெயின்டால் பெரிதாக எழுதினேன்: மின்கலம் ஏறிய மீன்கலம். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ரெண்டு தடவ ஒண்ணையே எழுதி வச்சிருக்க?" என்றாள்.

ஜனவரி 8

பள்ளிக்கூடம். மேற்படி விஷயத்தில் எழுத எதுவும் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஒத்திகை. அப்பா தனியாக! நான் கரையில். மோட்டாரை மெதுவாக ஓடவிட்டுக் கைப்பிடியை நேராக இறுக்கிவிட்டால் படகு தானாகப் போகிறது. அப்பா இடது கையால் வலையை விட்டுக்கொண்டே வருகிறார். ஒன்றரை மணி நேரம் ஓட்டித் திரும்பியும் பேட்டரி பாதிதான் இறங்கியிருந்தது. பாதயாத்திரைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு.

கரையேறியதும் அப்பா என் தலையில் ஈரக்கையை வைத்து அழுத்தினார். மீன் வாசம் மூன்று தடவை குளித்தும் போகவில்லை. நான்காவது தடவை குளிக்கவில்லை.

ஜனவரி 14

போகி. டயரை எரிக்காதே என்று அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் என் பழைய கணக்கு நோட்டை எரித்தாள். மனதாரச் சம்மதித்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். தெருவெல்லாம் கொம்புக்குப் பெயின்ட் அடித்து, மணி கட்டி, மாடுகள் மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அம்மா வருஷாவருஷம் இந்த நாளில் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் இருப்பாள்.

தகரக் கொட்டகையில் பேட்டரிகள் இரண்டும் சார்ஜ் ஏறி, ஒயர் கழற்றி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. சும்மா இருக்க முடியுமா என்னால்?

"ஏம்மா, நம்ம வீட்டு மாடு இதுதானே? படக இழுக்கப் போறது இதுக தானே? பாரு, ஒயர் மாட்டுறதுக்கு ஆளுக்கு ரெண்டு கொம்பு வேற இருக்கு. பொட்டு வைக்கலையா?"

கேலிக்குத்தான் சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். உள்ளே போய்ச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தாள். நான்கு கொம்புக்கும் சுற்றிச் சுற்றிப் பூசி, மேலே குங்குமம் வைத்து, ஆளுக்கொரு செவ்வந்திச் சரம் போட்டு, சூடம் காட்ட வந்தவளைத்தான் மடக்கிப் பிடித்தேன். சார்ஜ் ஏறிய பேட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பா! அவ்வளவு அறிவு எனக்கு இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"பொங்கலோ பொங்கல்," என்று தட்டைத் தட்டினோம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். போட்டோ எடுத்து பிரிட்டோ அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு தலையில் அடிக்கும் படம் பதிலாக வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆறு மணிக்கு ஏழு வீட்டாரும் கரையில். சங்கத் தலைவர் கண்ணன் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். பனி. நான் பேட்டரிகளை இணைத்தேன். சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது. துடைக்கலாமா என்று நினைத்தேன். அம்மா பக்கத்திலேயே நின்றாள். நல்ல நாளும் அதுவுமாக அவள் வைத்த பொட்டை அவள் கண்ணெதிரே அழிப்பதா? அதன் மேலேயே கவ்வி வைத்துத் திருகி இறுக்கினேன். கைப்பிடியைத் திருகினால் விசிறி சுற்றியது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

அப்பா கிளம்பினார். வலை வளைந்து வளைந்து இறங்கியது. முக்கால் குளம் தாண்டியதும் எதிர்க்காற்று. அப்பா வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். படகு முன்னே போவதற்குப் பதிலாக நின்றது. அப்புறம் பக்கவாட்டில் ஆகாயத்தாமரைப் பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. அதற்குள் போனால் வலை மொத்தமும் சிக்கிக் கிழிந்துவிடும்.

போன் பண்ணினேன். கழுத்தில் உறை போட்டுத் தொங்கும் போனை அப்பா எடுத்தார். பெரியப்பா, "எல்லாருக்கும் கேக்குற மாதிரி வையி," என்றார். வைத்தேன்.

"மொனங்குதுத்தா. சுத்த மாட்டேங்குது," என்றது அப்பாவின் குரல். "இங்கன ஒரே சந்தன வாசமா அடிக்குது. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி."

கரையில் ஒரே சிரிப்பு. பழனிக்குமார் மாமா சொன்னார்: "ஊதுவத்தி எதையாச்சும் கொளுத்தி ஒளிச்சு வச்சிருப்பா. இவ செய்ற கூத்து தெரியாதா?"

"மாமா, இது வெளாட்டு இல்ல."

"நீ எப்பத்தான் வெளாட்டுன்னு சொல்லிட்டுச் செஞ்ச?"

நியாயமான கேள்வி.

போனில் அப்பா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு: "அறிவு. அன்னைக்குப் பாம்பு மாதிரி — இதுலயும் எதாச்சும் வச்சிருக்கியாத்தா? வச்சிருந்தாச் சொல்லிரு. நான் ஏசமாட்டேன்."

எல்லாருக்கும் கேட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பாம்பு?"

எனக்கு அப்ப அழுகையா வந்துச்சு. அழுதா யாரு படகத் திருப்புறது? கத்தினேன். அப்பாவுக்கா, கரைக்கா, தெரியாது.

"அன்னைக்குக் கூடைக்குள்ள ரப்பர் பாம்பு வச்சது நான்தான். அப்பா பாசில வழுக்கல. என்னாலதான் விழுந்தாரு. இன்னைக்கு நான் எதுவும் வைக்கலப்பா. ஆனா அம்மாவப் பேட்டரிக் கொம்புக்குச் சந்தனம் பூசச் சொன்னது நான்தான். அதுமேலயே ஒயர மாட்டுனதும் நான்தான். கரண்டு போக வழியில்லாமச் சந்தனம் சூடேறுது. அந்த வாசந்தான் அது. என்னய நம்புப்பா."

போனில் காற்று மட்டும்.

பிறகு அப்பா: "சரி. என்ன செய்யணும், சொல்லு."

சொன்னேன். மோட்டாரை நிறுத்து. கொம்பைக் கொஞ்சம் ஆறவிட்டுத் தொடு, சுடும். பெட்டி மூடியில் சரடு கட்டி ஸ்பானர் தொங்குகிறது. ரெண்டுலயும் மைனஸை முதலில் கழற்று. அப்புறம் பிளஸ். மீன் கத்தியால் ஒவ்வொரு கொம்பாகச் சுரண்டு. கத்தி ஒரே நேரத்தில் ரெண்டு கொம்பையும் தொட்டுவிடக் கூடாதுப்பா, தொட்டுறவே கூடாது. ஈயம் பளபளன்னு தெரியணும். ஒயர் கவ்வுற உள்பக்கத்தையும் சுரண்டு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி.

ஒரு கையும் முக்கால் கையுமாக அவர் எப்படிச் செய்தாரோ. படகு ஆகாயத்தாமரையை நெருங்கிக்கொண்டே இருந்தது. நாலு வீட்டு நீளம். மூணு. பழனிக்குமார் மாமாகூட எழுந்து நின்றுவிட்டார். "ஏலே சுருளி, பதறாதப்பு! நிதானமா இறுக்கு!" என்று அவர்தான் வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

இந்த மோட்டாரில் ஒரு குறை. ஓடுகிறதா இல்லையா என்று காது சொல்லாது. கண்தான் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தோம். படகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. சின்னதாக. அப்புறம் நீளமாக.

அம்மாதான் முதலில் கத்தினாள்: "பொங்கலோ பொங்கல்!"

அக்கரை தொட்டு, வலை முடித்து, அப்பா திரும்பி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பெரியப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்து இழுத்தார். "ஞாயித்துக்கெழம ஒனக்குத்தான் சுருளி," என்றார். பழனிக்குமார் மாமா பெட்டியைத் திறந்து பேட்டரியை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏ புள்ள, இதப் போட்டா மொதல் வெளிச்சத்துலயே ஆழத்துக்குப் போயி விரால் புடிக்கலாமா? விரால்னா செவ்வாக்கெழமயும் வாங்க ஆளு வரும்ல." நாகல்நகர் முகவரி கொடுத்தேன். சரியான முகவரிதான். சத்தியமாக.

வீடு வந்ததும் அம்மா வாசலில் நின்று கேட்டாள்: "ரெண்டு மாசமா ரெண்டு பேரும் சேந்து என்கிட்ட மறைச்சிருக்கீக."

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாசியிலதான் வழுக்கினேன்."

"இன்னுமா!"

நாங்கள் மூன்று பேரும் சிரித்ததில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஜனவரி 19

நாலு கொம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே கொம்புல வைக்கல. வயித்துல வச்சுக்குறேன்," என்றாள். பேட்டரியின் வயிற்றில் இப்போது ஒரு பொட்டு. கரண்டுக்கு ஆட்சேபணை இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டாவது முறை. அப்பா விடியும் முன்னே தனியாகப் போய்விட்டார். தார் ரோட்டில் பச்சை வேட்டிக்காரர்கள் காவடியோடு பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நாலு பேர் கரைக்கு இறங்கி வந்து, விரதத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல பாடு, வலை நிறைய மீன். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் எட்டு மணிக்குள் தீர்ந்துவிட்டன.

சார்ஜ் போட எடுத்துப் போகலாம் என்று படகில் ஏறினேன். அப்பா கரையில் உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "மைனஸ மொதல்ல கழட்டுத்தா," என்றார்.

"எனக்கே பாடமா?" என்று பெட்டி மூடியைத் திறந்தேன்.

நான் கத்தியது அகரம்வரை கேட்டிருக்கும். அந்தக் கொக்குகள் எல்லாம் பறந்தன. நான் நேராகத் தண்ணீருக்குள், முழங்கால் சேற்றில்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் சுருண்டு படுத்திருந்தது, அதே பாம்பு. நவம்பரிலிருந்து எங்கே வைத்திருந்தாரோ. கழுவித் துடைத்து, நெற்றியில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு வேறு.

அப்பா வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்த முடியவில்லை. "வலிக்கப் போகுதுப்பா," என்றேன். "வலிக்கல," என்றார்.

பாம்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பொட்டை அழிக்கவில்லை.